படை விலகிய பின்: ரோமப் பேரரசில் முன்னாள் வீரர்களின் தொழில்களும் லியோன் நகரக் கல்லறைக் கல் ஒன்றும்

ரிச்சர்ட் ஆல்ஸ்டனின் ‘ரோம எகிப்தில் படைவீரனும் சமூகமும்’ 1995இல் வெளிவந்தது. ரோமப் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்களைத் தனியொரு மேட்டுக்குடியாக எழுதுவது அதன்பின் எளிதாக இல்லை. 1918இல் ஜான் லெஸ்கியே எழுதிய பெருநூல் முதல் பல தலைமுறை ஆய்வாளர்கள், எகிப்தின் கிராமங்களில் குடியேறிய முன்னாள் வீரரை ரோமக் குடியுரிமையும் வரிச்சலுகையும் கைப்பணமும் உடைய சிறு பிரபுவாகவே பார்த்துவந்தனர். ஆல்ஸ்டன் அந்தப் படத்தைக் கரானிஸ் என்ற ஒரே கிராமத்தில் வைத்துச் சோதித்தார். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1924 முதல் 1935 வரை அகழ்ந்த ஊர் அது. 171 முதல் 174 வரையிலான வரிப் பேரேடுகள் அங்கிருந்து பாப்பிரஸ் தாள்களில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. முன்னாள் வீரர்களை அவற்றில் அடையாளம் கண்டு, அவர்களின் நிலத்தையும் வரியையும் அண்டை வீட்டாருடையவற்றோடு ஒப்பிட்டு, இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே சமூகத்தின் மக்கள்தாம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். முன்னாள் வீரர் கிராமத்துக்குள் கரைந்துபோனார். வசதி இருந்தாலும் அது நல்ல நிலையில் உள்ள ஒரு கிராமத்தானின் வசதிதான்.

கரானிஸ் அளவில் இந்த முடிவில் எனக்கு மறுப்பில்லை. முன்னாள் வீரருக்கும் படைக்கே போகாதவருக்கும் இடையிலான வேறுபாட்டை அளக்க நிலவரிப் பேரேட்டை அளவுகோலாகக் கொண்டதில்தான் என் மறுப்பு. பேரேட்டில் நிலம் தெரியும். அந்த நிலத்துக்கு வருமுன் ஒருவர் எந்த வாசல் வழியாக வந்தார், நிலம் தவிர வேறு என்ன செய்தார், நாற்பத்தைந்து வயதில் புதுத் தொழில் தொடங்க எதை நம்பினார் என்பவை தெரியா. “யாரிடம் அதிகம் இருந்தது?” என்று கேட்டால் கரானிஸ் “ஏறக்குறைய சமம்” என்று சொல்லும். “யார் எந்த வயதில், எந்த முதலோடு, யாருடைய துணையோடு வேலைக்குள் நுழைந்தார்?” என்று கேட்டால் இரு வாழ்க்கைகளும் தொலைவில் பிரிந்து நிற்கின்றன. இந்த இரண்டாம் கேள்வியைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

எகிப்துக்குள்ளேயே கரானிஸைவிட்டு விலகினால் படம் மாறத் தொடங்குகிறது. லூசியுஸ் பெல்லேனுஸ் கெமெல்லுஸ் என்ற முன்னாள் வீரரின் கடிதக் கட்டு கரானிஸ் இருந்த அதே ஃபாயும் வட்டாரத்தில் கிரென்ஃபெல், ஹண்ட் இருவரின் அகழ்வில் கிடைத்தது. முதல் நூற்றாண்டின் இறுதியையும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தது. எழுபதைத் தாண்டிய அந்தக் கிழவர் பல ஊர்களில் சிதறிக் கிடந்த தம் நிலங்களைக் கடிதத்தாலேயே ஆண்டார். எருவைப் பற்றி மேலாளர் எபகாதோஸுக்கு எழுதுகிறார். எண்ணெய் ஆலை பற்றி உத்தரவிடுகிறார். திருநாளுக்கு என்ன வாங்கவேண்டும் என்று பட்டியல் தருகிறார். இவரை எந்த ஒரு கிராமத்தின் பேரேட்டில் தேடினாலும் ஒரு துண்டுதான் அகப்படும். ஒருவர் விதிவிலக்காக இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் விதியை வகுத்துத் தந்த ஆவணமே ஓர் ஊர் எல்லைக்குள் நிற்கும்போது, விதிவிலக்கு என்று யாரைச் சொல்வது?

கெமெல்லுஸின் காலத்துக்குப் பின்னணியாக அகஸ்டஸின் ஏற்பாடு நிற்கிறது. கி.பி. 6இல் அவர் படைக்கெனத் தனிக் கருவூலம் அமைத்து, தம் கையிலிருந்து 17 கோடி செஸ்டர்ஸ் போட்டார்; வாரிசுச் சொத்தில் நூற்றுக்கு ஐந்தும் ஏலத்தில் நூற்றுக்கு ஒன்றும் அதற்கு வரியாக வந்தன. படையணி வீரருக்கு ஓய்வுக்கொடை 12,000 செஸ்டர்ஸ். அன்றைய ஆண்டுச் சம்பளம் 900 என்பதால், பதின்மூன்று ஆண்டுச் சம்பளத்துக்கும் மேற்பட்ட தொகை ஒரே நாளில் கைக்கு வந்தது. கொடை சில நேரம் நிலமாகவும் வந்தது. சேறும் மலைச்சரிவும் தந்து ஏமாற்றுகிறார்கள் என்ற குமுறலை 14ஆம் ஆண்டுக் கலகத்தில் வீரர்களின் வாயில் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் வைக்கிறார். நிலம் கொடுத்துக் குடியேற்றுவது எப்போதும் கைகூடவில்லை. 60ஆம் ஆண்டில் டாரெண்டுமிலும் ஆன்டியுமிலும் குடியேற்றப்பட்டவர்களில் பலர் தாம் பணிசெய்த மாகாணங்களுக்கே நழுவிச் சென்றார்கள் என்று அதே டாசிட்டஸ் எழுதுகிறார். பழகிய ஆற்றையும் பழகிய முகங்களையும் தேடித் திரும்பிப் போனவர்கள் அவர்கள்.

படையில் இருந்த ஆண்டுகளை வெறும் இடைவெளியாகப் பார்க்கக் கூடாது என்பதற்குச் சான்றுகள் பல உண்டு. டாருடேனுஸ் பாட்டெர்னுஸ் என்ற அதிகாரி தொகுத்த ஒரு பட்டியல் ‘டைஜஸ்ட்’ சட்டத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. கடும் உடலுழைப்பிலிருந்து விலக்குப் பெற்ற படைவீரர்களின் பட்டியல் அது. கொல்லர், செம்புத் தட்டார், ஈய வேலைக்காரர், கல்தச்சர், அம்பு செய்பவர், தானியக் கிடங்கின் எழுத்தர் என்று அது நீள்கிறது. பிரித்தானியாவின் விண்டொலாண்டா கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கடிதங்களில் அந்த உலகமே அசைகிறது. ஆக்டேவியுஸ் என்பவர் கான்டிடுஸுக்கு எழுதிய கடிதம் அவற்றில் புகழ்பெற்றது. ஐயாயிரம் மோடியுஸ் அளவு தானியம் வாங்கியிருக்கிறேன், உடனே பணம் அனுப்பாவிட்டால் கட்டிய முன்பணம் ஏறக்குறைய 300 டெனாரியும் போய்விடும், தோல்கள் கட்டெரிக்கில் கிடக்கின்றன, சாலை மோசமாக இருப்பதால் போய் எடுக்கவில்லை என்கிறார். இவர் வீரரா, முன்னாள் வீரரா, கோட்டையை அண்டிப் பிழைத்த குடிமக்களில் ஒருவரா என்பது இன்றும் தீரவில்லை. தீராமல் இருப்பதே எனக்குப் பயன்படுகிறது: கோட்டைச் சுவருக்கு உள்ளிருந்தவரையும் வெளியிலிருந்தவரையும் பேச்சை வைத்தோ கணக்கை வைத்தோ பிரித்தறிய முடியாத அளவுக்கு வணிகம் பொதுமொழியாக இருந்தது. அதே கோட்டையின் ஒரு கணக்கில் கம்பாக்ஸ் என்ற வீரர் இரண்டு டெனாரிக்கு மிளகு வாங்கியிருக்கிறார். சேர நாட்டுக் கரையிலிருந்து போன மிளகு வடகோடி எல்லையின் ஒரு சிப்பாயின் கணக்கில் ஏறுமளவு அந்தச் சந்தை நீண்டிருந்தது.

நீரோ 58இல் வரிவசூல் குத்தகைக்காரர்களை ஒழுங்குபடுத்த வெளியிட்ட ஆணையிலும் வீரர்களின் இந்த வணிகப் பழக்கம் தெரிகிறது. வீரர்களுக்குச் சுங்க விலக்கு தொடரும், ஆனால் அவர்கள் விற்பனைக்கு வைத்திருக்கும் பொருளுக்குக் கிடையாது என்கிறார். பணியில் இருக்கும்போதே விற்பவர்கள் இருந்தார்கள்; சுங்கக்காரர்களோடு அவர்களுக்கு வழக்கும் இருந்தது. இல்லாத வழக்கத்துக்கு ஆணை எழுதுவதில்லை.

இனி லியோன் கல்லுக்கு வருகிறேன். ‘கார்ப்பஸ்’ எனப்படும் இலத்தீன் கல்வெட்டுப் பெருந்தொகுப்பின் பதின்மூன்றாம் தொகுதியில் 1906 என்ற எண்ணில் இது உள்ளது. பலரும் இதை வேடிக்கைக்காக மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இறந்தவர் பெயர் விட்டாலினியுஸ் ஃபெலிக்ஸ். முதல் மினர்வியா படையணியின் முன்னாள் வீரர். லியோனில் மண்பாண்டத் தொழில் சார்ந்த வணிகர். மிகுந்த அறிவுடையவர், மிகுந்த நம்பிக்கைக்குரியவர். 59 ஆண்டு, 5 மாதம், 10 நாள் வாழ்ந்தார். பிறந்தது செவ்வாய்க்கிழமை, படையில் சேர்க்கப்பட்டது செவ்வாய்க்கிழமை, பணி ஓய்வு பெற்றது செவ்வாய்க்கிழமை, இறந்ததும் செவ்வாய்க்கிழமை. மகன் விட்டாலினியுஸ் ஃபெலிசிஸிமுஸும் மனைவி ஜூலியா நீக்கேயும் கல்லை நிறுவினர்.

செவ்வாய் ரோமர்க்கும் போர்க்கடவுளின் நாள் என்பதால், வீரரின் குடும்பம் அதில் ஒரு பொருத்தம் கண்டது புரிகிறது. என் கண் நிற்பது வேறு இடத்தில். அவர் வாழ்வின் நான்கு திருப்பங்களைக் குடும்பம் பொறித்திருக்கிறது: பிறப்பு, படைச்சேர்க்கை, ஓய்வு, இறப்பு. வணிகம் தொடங்கிய நாள் அங்கே இல்லை. திருமண நாளும் இல்லை. பல வீரர் கல்லறைகளில் காணும் பணியாண்டுக் கணக்குகூட இல்லை. வணிகமே அவரைக் காப்பாற்றியது, அந்த வணிகத்தையே கல் புகழ்கிறது; ஆனால் காலத்தை அளக்கும் முளைகள் படையின் முளைகள். ஓய்வு என்பது பிறப்புக்கும் இறப்புக்கும் இணையான ஒரு நாளாக நிற்கிறது. அவருக்கும் அவர் வீட்டாருக்கும் படைவாழ்வு கரைந்துபோகவில்லை.

இதே நகரில் படைக்குப் போகாதவர்களின் கற்களை அருகில் வைத்தால் வேறுபாடு துலங்குகிறது. டூட்டியுஸ் இன்சிட்டாட்டுஸ் ஒரு தானிய வணிகர். பேரரசர் வழிபாட்டுக்குழுவில் அறுவரில் ஒருவர், சோன் ஆற்றுப் படகோட்டிகள் குழு உறுப்பினர், துணிக்காரர் குழுவில் மதிப்புப் பெற்றவர் என்று அவர் கல் வரிசையாகச் சொல்கிறது. ஆற்று வணிகத்தில் யார் யாரை நம்பினார்கள் என்பதற்கான சான்றிதழ்களைப் போல அந்தக் குழுப் பெயர்கள் நிற்கின்றன. ஃபெலிக்ஸின் கல்லில் குழு ஒன்றுகூட இல்லை. படகோட்டிகள், மது வணிகர், துணிக்காரர் என்று குழுக்கள் நிறைந்த நகரம் லியோன். அதில் ‘மிகுந்த நம்பிக்கைக்குரிய’ வணிகர் எந்தக் குழுவையும் சுட்டாதது ஏன்? அந்த இடத்தைப் படையணியின் பெயர் நிரப்பியது என்பது என் வாசிப்பு.

சொல்லாததிலிருந்து வாதிடுவது ஆபத்தானது என்பதை அறிவேன். எதிர்ச்சான்று ஒன்றையும் இங்கேயே வைக்கவேண்டும். ஜூலியுஸ் அலெக்சாண்டர் என்ற கண்ணாடிக் கைவினைஞர் அதே நகரில் 75 வயது வரை வாழ்ந்தார், படைவீரர் அல்லர், அவர் கல்லிலும் குழுப் பெயர் இல்லை. ஆனால் அவர் வேறொன்றைச் சொல்கிறார்: பிறப்பால் ஆப்பிரிக்கர், கார்த்தேஜ் நகரக் குடிமகன். மூன்று கற்களையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரே இடத்தில் மூன்று விடைகள் தெரிகின்றன. ஒருவருக்குக் குழு, ஒருவருக்குத் தாய்நகரம், ஒருவருக்குப் படையணி. வந்தேறிகள் நிறைந்த வணிக நகரில் “நீ யார், உன்னை எப்படி நம்புவது?” என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததைக் காட்டினார்கள்.

இதை இன்னும் ஓரடி முன்னே தள்ளலாம் என்று நினைக்கிறேன். ஃபெலிக்ஸின் படையணி மினர்வாவின் பெயரைத் தாங்கியது. அவள் அறிவின் தெய்வம். 89இல் சாட்டுர்னினுஸ் என்ற ஆளுநர் டொமிஷியனுக்கு எதிராக எழுந்தபோது பேரரசர் பக்கம் நின்றதற்காகப் ‘பற்றும் விசுவாசமும் உடையது’ என்ற பட்டத்தை அப்படையணி பெற்றது. ஃபெலிக்ஸுக்குத் தரப்பட்ட இரு அடைமொழிகள் அறிவும் நம்பகமும். படையணியின் பெயரும் பட்டமும் ஒரு வணிகரின் நற்பெயராக மாறி வந்திருக்கின்றனவா? கல்லறைகளில் இவ்வகை அடைமொழிகள் ஏராளம் என்பதால் தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் ‘மிகுந்த அன்புடையவர்’, ‘ஒப்பற்ற கணவர்’ போன்ற வழக்கமான சொற்களை விட்டு, கடன் கொடுப்பவரும் சரக்கு வாங்குபவரும் கேட்க விரும்பும் இரண்டையே குடும்பம் தேர்ந்தது. தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

கல்லின் காலம்தான் கடினம். ஆண்டு எதுவும் அதில் இல்லை. 197இல் லியோனுக்கருகே கிளோடியுஸ் அல்பினுஸைத் தோற்கடித்தபின் செப்டிமியுஸ் செவெருஸ், நகரிலிருந்த பழைய காவற்படையை நீக்கிவிட்டு ரைன் எல்லைப் படையணிகள் நான்கிலிருந்து பிரிவுகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். முதல் மினர்வியா அவற்றில் ஒன்று. ஃபெலிக்ஸ் அந்தப் பிரிவோடு வந்து, ஓய்வுக்குப்பின் இங்கேயே தங்கினார் என்றால் எல்லாம் எளிதாகப் பொருந்தும். பெயரும் உதவுகிறது: ஒரு தனிப்பெயரிலிருந்து குடும்பப் பெயரை உருவாக்கிக்கொள்வது ரைன் கரையிலும், லியோனை உள்ளடக்கிய கால் (Gaul) நாட்டின் வடகிழக்கிலும் பரவியிருந்த வழக்கம். ஆனால் படையணியின் தலைமையிடம் பான். பானிலிருந்து ரைன், மோசெல், சோன் ஆறுகள் வழியாக லியோனுக்குப் பாண்டச் சரக்கின் பாதை நேராகவே இறங்குகிறது. 197க்கு முன்பே ஓய்வுபெற்ற ஒருவர் சரக்கின் பின்னால் வந்திருக்க முடியாது என்று சொல்ல எதுவுமில்லை.

மகனின் பெயரிலிருந்து ஒரு குறிப்புக் கிடைக்கிறது. பணியிலுள்ள வீரர் சட்டப்படி மணம்புரிய முடியாது என்ற தடை இருந்தவரை, பணிக்காலத்தில் பிறந்த பிள்ளை தாயின் குடும்பப் பெயரைத்தான் பெறவேண்டும். அப்படியானால் இந்த மகன் ‘ஜூலியுஸ்’ ஆகியிருப்பான். கல்லில் அவன் ‘விட்டாலினியுஸ்’. ஒன்று, அவன் ஓய்வுக்குப்பின் பிறந்தவன். இருபது வயதை ஒட்டிச் சேர்ந்து நாற்பத்தைந்தை ஒட்டி விலகியிருந்தால், தந்தை இறக்கும்போது அவனுக்குப் பதினான்கு வயதுக்கு மேல் இராது. அல்லது, செவெருஸ் வீரர்கள் மனைவியரோடு வாழ அனுமதி தந்தபின், தந்தை இன்னும் பணியில் இருக்கும்போது பிறந்தவன். தாய்க்கு முன்னால் தன் பெயரை நிறுத்திக் கல்லை நிறுவியவன் சிறுவனாகத் தோன்றவில்லை என்பதால் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். அப்படியானால் ஃபெலிக்ஸின் இறப்பு மூன்றாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளுக்குள் விழும். செவெருஸ் தந்தது முழுத் திருமண உரிமையா, சேர்ந்துவாழும் அனுமதி மட்டுமா என்ற சர்ச்சை முடியாத நிலையில், தந்தை பெயரை முறைசாராமல் சூடிக்கொண்ட பிள்ளைகளும் இருந்த நிலையில், இதற்கு மேல் கல்லை வற்புறுத்த எனக்கு உரிமையில்லை.

கணக்கு எப்படிப் போனாலும் வணிகத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள். படைக்குப் போகாதவரின் பாதையோடு இதை வைத்துப் பார்க்கவேண்டும். 66ஆம் ஆண்டில் ஆக்ஸிரிங்குஸ் நகரத்து நெசவாளி டிரைஃபோன் தம் மகன் தூனிஸை வயது நிரம்புமுன்பே வேறொரு நெசவாளியிடம் ஓராண்டுக்கு ஒப்பந்தம் எழுதி விட்டார். தொழில் அங்கே தந்தை கையிலிருந்தோ ஆசான் கையிலிருந்தோ சிறுவயதில் வந்து, உறவும் வாடிக்கையும் கூடவே வளர்ந்தன. மேற்கு நகரங்களின் வணிகர்களில் விடுதலைபெற்ற அடிமைகள் பலர். அவர்களுக்கு முன்னாள் எசமானின் முதலும் பெயரும் பின்பலம். முன்னாள் வீரருக்கு இவற்றில் எதுவுமில்லை. நடுவயதில், மொத்தமாக வந்த பணத்தோடும் படையில் கற்ற கைவேலையோடும் எல்லைப் பாதைகளின் அறிமுகத்தோடும் அவர் பக்கவாசலில் நுழைந்தார். அரிக்கமேட்டில் கிடைத்த இத்தாலியச் சிவப்புப் பாண்டத்தை நம் வாசகர்கள் அறிவார்கள். அதன் வழித்தோன்றலான கால் நாட்டுப் பாண்டத்தை எல்லைக் கோட்டைகள் பெருமளவில் வாங்கின. ஃபெலிக்ஸ் விற்றது அதையே என்று கல் சொல்லவில்லை. ஆனால் அத்தகைய சரக்கைக் கோட்டையில் யார் வாங்குவார்கள், எந்தப் படகில் ஏற்றினால் உடையாமல் போய்ச் சேரும் என்பதை இருபத்தைந்து ஆண்டு கோட்டையில் உண்டவரைவிட யார் அறிவார்?

மைன்ஸ் நகரில் இன்னொரு கல் உள்ளது. கொம்மோடுஸ் ஆட்சிக்காலத்தது. இருபத்திரண்டாம் பிரிமிகேனியா படையணியின் முன்னாள் வீரர் கெண்டிலியுஸ் விக்டர், வாள் வணிகர். தம் உயிலின்படி 8,000 செஸ்டர்ஸ் செலவில் பேரரசரின் நலனுக்காக ஒரு காணிக்கை நிறுவச் சொன்னார். அகஸ்டஸ் வகுத்த ஓய்வுக்கொடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு காணிக்கைக்கு ஒதுக்கியவர் தோற்றுப்போன வணிகராக இருக்க முடியாது. வாளை ஏந்தியவர் வாளையே விற்றார். படையில் தெரிந்த பொருள், படையே வாங்குபவர்.

இரண்டு கற்களை வைத்து ஒரு வர்க்கத்தை எழுப்பிவிட முடியாது. உழுதவர் கல்லறையில் ‘உழவர்’ என்று பொறிப்பது அரிது. வணிகர் தம் தொழிலைப் பொறித்தார்கள். ஆகவே கற்களை எண்ணினால் வணிகர் கூடுதலாகத் தெரிவார்கள், பேரேட்டை எண்ணினால் நிலக்காரர் கூடுதலாகத் தெரிவார்கள். ஆல்ஸ்டனின் கரானிஸும் என் லியோனும் ஒரே நோயின் இரு முகங்கள். அதனால்தான் இரண்டையும் சாராத மூன்றாவது சாட்சியாகச் சட்டங்களைப் பார்க்கிறேன்.

88ஐ ஒட்டி டொமிஷியன் வெளியிட்ட ஆணையின் நகல் எகிப்தில் ஒரு மரப்பலகையில் கிடைத்தது. முன்னாள் வீரர்களுக்குச் சுங்கம் உட்பட வரிகளிலிருந்து விலக்கு என்கிறது. இது எல்லா முன்னாள் வீரருக்கும் பொருந்தியதா, குறிப்பிட்ட குழுவினருக்கு மட்டுமா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. ‘டைஜஸ்ட்’டில் சட்டவறிஞர் ஊல்பியன் பெயரில் உள்ள பகுதியோ, முன்னாள் வீரரும் சுங்கமும் சொத்தின்மேல் வழக்கமாக விழும் சுமைகளும் செலுத்தியே ஆகவேண்டும் என்கிறது. கால் நாட்டுச் சுங்கம் நாற்பதில் ஒரு பங்கு. ஃபெலிக்ஸ் அந்த இரண்டரை விழுக்காட்டைக் கட்டினாரா இல்லையா என்பது அவர் எந்த ஆண்டில் சரக்கேற்றினார் என்பதைப் பொறுத்தது. அந்த ஆண்டுதான் நம்மிடம் இல்லை. ஆனால் அரசு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த விலக்கைத் தருவதும் எடுப்பதுமாக இருந்திருக்கிறது. சரக்கோடு சுங்கச்சாவடிக்கு வந்த முன்னாள் வீரர்கள் பொருட்படுத்தத் தக்க அளவில் இருந்தாலொழிய அதற்குத் தேவையில்லை.

நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் முன்னாள் வீரருக்கான சலுகையை வெளிப்படையாகவே இரண்டாகப் பிரித்தார். 320 என்றும் 325 என்றும் தேதி சொல்லப்படும் அவர் சட்டம் தியோடோசியன் தொகுப்பில் உள்ளது. உழ விரும்புபவருக்குத் தரிசு நிலம், நிரந்தர வரிவிலக்கு, பொருள்கள் வாங்க 25,000 ஃபோலிஸ், ஒரு சோடி எருது, நூறு மோடியுஸ் தானியம். வணிகம் செய்ய விரும்புபவருக்கு நூறு ஃபோலிஸ் அளவுக்கு வரியில்லாத முதல். இரு தொகைகளிலும் ‘ஃபோலிஸ்’ ஒரே பொருளில் வரவில்லை, ஒன்று நாணயம், மற்றொன்று நாணயப் பை என்று கருதுவோர் உண்டு; அந்தச் சிக்கலுக்குள் இங்கே இறங்கவில்லை. கவனிக்கவேண்டியது: உழவருக்கு அரசு கொடுக்கிறது, வணிகருக்குக் கொடுப்பதில்லை, வரியை மட்டும் விடுகிறது. வணிகத்துக்குப் போகும் முன்னாள் வீரர் கைமுதலோடு வருவார் என்று சட்டம் எழுதியவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஃபெலிக்ஸும் விக்டரும் நடந்த பாதை, நூறு ஆண்டுக்குப்பின் சட்டத்தின் இயல்பான அனுமானமாகியிருக்கிறது.

அதே தொகுப்பின் வேறோர் ஆணை, உழவும் செய்யாமல் நேர்மையான வணிகமும் செய்யாமல் கொள்ளையில் இறங்கும் முன்னாள் வீரர்கள் சலுகைகளை இழந்து தண்டனை பெறுவர் என்கிறது. மூன்றாவது ஒரு வழியும் இருந்தது, பக்கவாசல் எல்லாருக்கும் திறக்கவில்லை என்பதற்கு இது சான்று. ஆல்ஸ்டன் சொன்ன சராசரி இத்தகையவர்களையும் கெமெல்லுஸையும் சேர்த்துக் கூட்டினால் வரும் சராசரியாக இருக்கலாம். அந்தக் கூட்டலைச் செய்யப் போதுமான ஆவணம் எந்த மாகாணத்திலும் இல்லை.

ஃபெலிசிஸிமுஸ் தந்தையின் பாண்டக் கடையைத் தொடர்ந்தாரா? கல் சொல்லவில்லை. அவர் காலத்தில் அந்தத் தேர்வு அவர் கையில் இருந்தது. கான்ஸ்டன்டைன் காலத்து மகனுக்கு அது இல்லை. முன்னாள் வீரரின் மகன் உடல் தகுதி இருந்தால் படைக்குப் போகவேண்டும். விரலை வெட்டிக்கொண்டு தப்பியவர் நகர மன்றத்தின் சுமைகளை ஏற்கவேண்டும். அவற்றை விதிக்கும் சட்டம் அதே தியோடோசியன் தொகுப்பின் ஏழாம் புத்தகத்தில், தந்தைக்கு வணிக முதலுக்கு வரிவிலக்குத் தந்த சட்டத்துக்குச் சில பக்கங்கள் தள்ளி நிற்கிறது.